துரைக்கு இன்னைக்கு எவ்வளவு?

அளத்தடி அடிபம்பில் நல்ல தண்ணீர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால், அதில் நல்ல தண்ணீர் வராத கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அது சின்னக் கதை. தூத்துக்குடிக்கு வடக்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இருபத்துமூன்று வீட்டு ஊர் அது, இரண்டு ஆள் ஆழம் தோண்டினாலும் உப்பு, இருபது ஆள் ஆழம் தோண்டினாலும் உப்பு, ஊர் நடுவில் பஞ்சாயத்து இறக்கிய அடிபம்பில் வரும் தண்ணீரில் கால் கழுவலாம், சட்டி கழுவலாம், வாயில் விட்டால் துப்பிவிட வேண்டியதுதான். குடிக்க, திங்களும் வியாழனும் லாரி வரும், வீட்டுக்கு ஆறு குடம். அதை வைத்துத்தான் கஞ்சி, அதை வைத்துத்தான் காப்பி, அதை வைத்துத்தான் சாகிறவர்களுக்குக் கடைசி வாய்த் தண்ணீர். அதனால் அந்த ஊரில் இரண்டு வழக்கம் உண்டு. வாசலில் நின்று தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாது, பகையாளியே கேட்டாலும் ஒரு செம்பு கொடுத்துவிட்டுத்தான் பகையைத் தொடர வேண்டும். நல்ல தண்ணீரைத் தரையில் கொட்டவும் கூடாது. கை தவறிக் குடத்தைச் சாய்த்ததற்காகப் பிறந்த வீட்டுக்குத் துரத்தப்பட்ட மருமகள்களின் கதை அங்கே வீட்டுக்கு ஒன்று உண்டு.

அப்பேர்ப்பட்ட ஊரில், ஒரு பங்குனி மாதச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், அன்னப்பழம் வளர்த்த துரை என்கிற பூனை பம்படியில் மூத்திரம் பெய்தது, அந்த ஈரத்தில் எறும்பு மொய்த்தது, பம்பில் நல்ல தண்ணீர் வந்தது.

முதலில் குடித்தவள் சந்தனமாரி. அன்னப்பழத்தின் செத்துப்போன புருஷன் கொம்பையாவுக்குக் கூடப்பிறந்த தங்கை, அடுத்த வீட்டுக்காரி. வாய் கொப்பளிக்க அள்ளியதைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டு, கொஞ்ச நேரம் பம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மைனி, இங்கன வாங்க. இதக் குடிச்சுப் பாருங்க."

"பம்புத் தண்ணியவா? கூறு கெட்டுப் போச்சாட்டி ஒனக்கு?"

"குடிச்சுட்டு ஏசுங்க."

அன்னப்பழம் குடித்தாள். மழைத் தண்ணீர் போல இருந்தது, தொண்டையில் இறங்கி முடிக்கும்போது நுங்குத் தண்ணீர் போல லேசாக இனித்தது. ஏன், எதற்கு என்று அவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் வரும்போது காரணம் கேட்டுக்கொண்டு நிற்பவள் அந்த ஊரில் பிழைக்க மாட்டாள். இரண்டு பேரும் வீட்டுக்கு ஓடிக் குடங்களை எடுத்து வந்தார்கள். சூரியன் உப்புக் குவியல்களுக்கு மேல் ஏறுவதற்குள் அளத்தடியில் நிரம்பாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை.

துரைக்கு என்ன வந்திருக்கிறது என்பது மட்டும் அன்னப்பழத்துக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. கொம்பையா உப்பு லாரியில் மூட்டை ஏற்றப் போன காலத்தில், சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி அது. வெள்ளையும் செம்பட்டையுமாக, நடக்கிற தோரணையைப் பார்த்து அவர்தான் துரை என்று பெயர் வைத்தார். அவர் போய் நான்கு வருஷம் ஆகிறது, துரை இருக்கிறான். அந்தத் துரை மாசி மாதத்திலிருந்து தொட்டித் தண்ணீரை நக்கி நக்கிக் குடித்தான், தின்ற அரை நாழிகையில் மறுபடி கத்தினான், எவ்வளவு தின்றும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இதே தாகத்தையும் இதே பசியையும் அவள் தன் வீட்டில் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருக்கிறாள். தண்ணீர் இனித்த அந்த வாரமே அவனை மூடி போட்ட கூடையில் வைத்து, பஸ் ஏறி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனாள்.

டாக்டரம்மா நூர்நிஷா ஆட்டுக்கும் மாட்டுக்கும் ஊசி போட்டுக் களைத்த கையால் துரையின் காதோரத்தில் ஊசி நுனியால் தொட்டு, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். நானூற்றுப் பதினெட்டு.

"சுகர்தாங்க்கா. பூனைக்கும் வரும். காலையில ஒண்ணு சாயந்தரம் ஒண்ணு, சரியாப் பன்னண்டு மணி நேரம் இடைவெளி விட்டு ஊசி. மொதல்ல சாப்பிடணும், அப்புறம்தான் ஊசி. சோறு, பன்னு, டீயில முக்குன பிஸ்கட்டு, இதெல்லாம் இன்னையோட சரி. மீனும் முட்டையும் மட்டும் குடுங்க. ஒரு யூனிட்டுல ஆரம்பிங்க, கூட்டணும்னா என்னக் கேக்காமக் கூட்டாதீங்க."

"கூடிப் போனா?"

"சுகர் கூடுறதவிடக் கொறையறதுதான் பயம். தள்ளாடும், எச்சில் வடியும், இழுப்பு வரும். அப்படி வந்தா சீனியோ குளுக்கோஸோ கரைச்சு ஈறுல தேயுங்க. தொண்டைக்குள்ள ஊத்திராதீங்க, புரையேறிரும். வீட்டுல எப்பவும் ஒரு கை சீனி இருக்கட்டும்."

அன்னப்பழம் தலையாட்டினாள். ஊசி போட அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொம்பையாவின் சிவப்பு மூடி ஊசிகளும் மெஷினும் இன்னும் பரணில் இருந்தன. மருந்துக் குப்பியை ஈரத் துணி சுற்றிப் பானைக்குள் வைக்கும் முறையும் மறக்கவில்லை. மறக்காதது இன்னொன்றும் இருந்தது. கால் அழுகிக் கிடந்த கடைசி மாதங்களில், 'ஒரே ஒரு துண்டுட்டி, வாய் செத்துப்போச்சுட்டி' என்று கொம்பையா கெஞ்சும்போதெல்லாம், முந்தானையில் முடிந்து வைத்திருந்த கருப்பட்டி மிட்டாயை அவிழ்த்துக் கொடுத்தவள் அவள்தான். பிரியத்தில் கொடுத்தாள், தினமும் கொடுத்தாள். பெரியாஸ்பத்திரியில் டாக்டர் கட்டிலைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, யார் இவருக்கு இனிப்புக் கொடுத்தது என்று கேட்டபோது அவள் தரையைப் பார்த்தாள். தீபாவளிக்கு அண்ணனுக்கு அதிரசம் கொண்டுவந்த சந்தனமாரியை எல்லோரும் பார்த்தார்கள். பழி அப்படியே அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. அண்ணனைத் தின்றவள் என்று சொந்தபந்தம் இன்றுவரை மாரியைத்தான் சொல்லும். அன்னப்பழம் இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. ஒன்றைக் கொன்றாயிற்று, இதையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

அன்று சாயங்காலம் முதல் ஊசி போட்டாள். மூன்றாம் நாள் துரையின் கணக்கு நூற்றெழுபதுக்கு வந்தது, பம்புத் தண்ணீர் உப்பாகிவிட்டது. ஊசி மருந்து தீர்ந்து இரண்டு நாள் தவறியபோது கணக்கு முந்நூற்று நாற்பதுக்கு ஏறியது, தண்ணீர் இனித்தது. மறுபடி ஊசி, மறுபடி உப்பு. அளத்தடிக்காரர்கள் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள், ஆனால் உப்பு விளைகிற பதத்தை நாக்கில் வைத்தே சொல்கிறவர்கள். பூனைக்கும் பம்புக்கும் உள்ள தொடர்பு ஒரே வாரத்தில் அவர்களுக்குப் பிடிபட்டுப் போயிற்று. ஊர்த் தலைவர் சுயம்பு ஒரு சிலேட்டை வாங்கிப் பம்பில் கட்டித் தொங்கவிட்டார். அதில் தினமும் துரையின் கணக்கு ஏறியது. இருநூற்றெண்பதுக்குக் கீழே இருந்தால் உப்பு. முந்நூறைத் தாண்டினால் குடிக்கலாம். நானூறு வந்தால் அன்றைக்குக் காப்பிக்குச் சீனி வேண்டாம், பாயசத்துக்கு வெல்லம் வேண்டாம். சந்தையில் மீன் விலை கேட்பது போலக் கேட்டார்கள்: "எக்கா, துரைக்கு இன்னைக்கு எவ்வளவு?"

சித்திரையில் ஊருக்கு வெயில் மட்டும்தான் இருக்கும், அந்தச் சித்திரை முழுக்க ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு, அதனால் தண்ணீரும் இருந்தது. உப்பு வாரி வாரிக் கண் பூத்தவர்கள் முகம் கழுவினார்கள். கைப்பிள்ளைகளின் தலையில் இருந்த சிரங்கு காய்ந்தது. கல்லடைப்பில் இரண்டு வருஷமாகச் சுருண்டு கிடந்த பேச்சிமுத்து, சந்தனமாரியின் புருஷன், நாளுக்கு ஒரு குடம் குடித்து, எழுந்து உட்கார்ந்து, ஒரு நாள் வேலைக்குக்கூடப் போய்விட்டு வந்தார். பம்புக்குக் குங்குமம் வைத்தார்கள், துரைக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். சீனி வாங்குவதை ஊரே நிறுத்தியது. எங்கள் வீட்டில் சீனி டப்பாவில் பல்லி முட்டை போட்டிருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

பெருமை வெளியூருக்கும் போயிற்று. கணக்கு முந்நூற்றுத் தொண்ணூறு இருந்த ஒரு நாளில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து, பம்புத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று இரண்டு வாரத்தில் காகிதம் வந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை லாரி வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. மருந்து மறுபடி கிடைத்ததிலிருந்து ஊசியை நிறுத்தாமல் போட்டுக்கொண்டிருந்த அன்னப்பழம், அந்த வாரம் ஊர் முழுக்கக் காலிக் குடங்களோடு தன் வாசலைத் தாண்டி மூன்று மைல் நடந்துபோவதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

சுயம்பு ஊர்க் கூட்டம் போட்டார். உடைமரத்து நிழலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அதட்டவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பூனைய யாரும் சாவச் சொல்லல தாயி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி போடு. அதுக்கும் ஆச்சு, ஊருக்கும் ஆச்சு."

"டாக்டரம்மா ரெண்டு வேளை போடணும்னு சொல்லிருக்காவ."

"டாக்டரம்மா அவுக வீட்டுக் கொழாயத் தொறந்து தண்ணி குடிக்காவ."

பேச்சிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லக் கூடாத ஊர். இங்கே ஊரே அவள் வாசலில் நின்று கேட்கிறது. ஊரோடு ஒத்து வாழ் என்று சொன்னவன் எவனோ அவன் வீட்டில் பூனை இல்லை. அன்னப்பழம் சரி என்றாள்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள். துரையின் கணக்கு நூற்றுப் பத்துக்கு இறங்கியது, நானூற்றைம்பதுக்கு ஏறியது, காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, மெஷினே பைத்தியம் பிடித்ததுபோலக் காட்டியது. தண்ணீரும் அதன்படி இனித்தது, கரித்தது, ஒரே குடத்தில் மேல் பாதி நல்ல தண்ணீரும் அடிப் பாதி உப்புமாகக்கூட ஒரு நாள் வந்தது. துரை பின்னங்கால் விரல்களில் நிற்பதை விட்டுவிட்டுக் குதிகாலைத் தரையில் ஊன்றி நடக்க ஆரம்பித்தான். சுவரில் ஏறுகிறவன், வாசற்படி ஏற யோசித்தான். டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட இது என்ன மோட்டாரா? இப்படி ஏத்தி எறக்குனா நரம்பு போயிரும், உசுரும் போயிரும். யாருக்காக்கா இப்படிச் செய்யுறீங்க?"

அன்னப்பழம் பூனையைக் கூடைக்குள் வைத்து மூடினாள். வீட்டுக்கு வந்ததும், ஊருக்குச் சொல்லாமல், இரண்டு வேளையும் ஊசி போட ஆரம்பித்தாள். சிலேட்டில் வாயில் வந்த எண்ணை எழுதினாள். ஆனால் சிலேட்டு பொய் சொன்னாலும் பம்பு சொல்லுமா? ஊருக்கு இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உப்பளத்துக்குப் போன பிறகு, ஊருக்குச் சொல்லாமல், ஒவ்வொரு வீடும் துரைக்குத் தின்னக் கொடுக்க ஆரம்பித்தது.

இது அவர்கள் கூடிப் பேசிச் செய்த காரியம் இல்லை. கூடிப் பேசியிருந்தால் ஒருவராவது கூச்சப்பட்டிருப்பார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்கிறபடி, ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு துண்டுதானே என்று நினைத்துக்கொண்டு, பாவம் தின்னட்டுமே என்றுகூட நினைத்துக்கொண்டு கொடுத்தாள். ஒளித்து வாங்கினார்கள், ஒளித்து வைத்தார்கள், ஒளித்து ஊட்டினார்கள். வெளியே கேட்டால், எங்கள் வீட்டில் சீனி ஏது. துரை வாசனை பிடித்து வீடு வீடாகப் போய்விட்டு, சாயங்காலம் மீசையில் எதையோ ஒட்டிக்கொண்டு வந்து படுப்பான். கணக்கு ஏன் இறங்கவில்லை என்று அன்னப்பழத்துக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? அவளே செய்த வேலைதானே. அவளால் ஊரைக் கேட்கவும் முடியவில்லை. கேட்கும் வாய் அவளுக்கு நான்கு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. ஒரு யூனிட்டை இரண்டாக்கினாள், இரண்டை மூன்றாக்கினாள், டாக்டரம்மாவைக் கேட்காமலே நான்காக்கினாள். தன் வீட்டில் ஒரு கை சீனி வைத்திருந்த டப்பாவைத் திறந்து பார்த்தாள். தன் கையையே நம்ப முடியாமல், கள்ளன் கையில் சாவியைக் கொடுத்துவைப்பானேன் என்று அதையும் கொண்டுபோய் உப்பளத்து வாய்க்காலில் கவிழ்த்தாள். இப்படியே ஆனியும் ஆடியில் பாதியும் போயிற்று. ஊர் ஏற்றியது, அவள் இறக்கினாள், நடுவில் அந்த வாயில்லா ஜீவன் நாளுக்கு நாள் கரைந்தது.

ஆடிக் கடைசியில் பக்கத்து ஊரில் கோயில் கொடைத் திருவிழா. முதல் நாளே அன்னப்பழத்தைத் தவிர அளத்தடி மொத்தமும் கிளம்பிப் போயிற்று, மறுநாள் விடிந்த பிறகுதான் தூக்கக் கலக்கத்தோடு திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தது. ஒரு பகல், ஓர் இரவு முழுக்கத் துரைக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அன்னப்பழம் அதை யோசிக்கவே இல்லை. அன்று காலையும் வழக்கம்போல இரண்டு சாளை மீனை ஆய்ந்து வைத்தாள், அவன் ஒன்றை முகர்ந்துவிட்டு மற்றதில் பாதியைத் தின்றான், அவள் நான்கு யூனிட் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

உச்சிவேளைக்குத் திரும்பி வந்தவள், கால் கழுவலாம் என்று பம்பை அடித்தாள். தண்ணீர் பட்டதும் பித்தவெடிப்பு தீப்பட்டது மாதிரி எரிந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு இல்லை, உப்பைத் தாண்டிய ஒரு கசப்பு. அளத்தில் உப்பு எடுத்த பிறகு கடைசியாகத் தேங்கி நிற்குமே அந்தக் கஞ்சித் தண்ணீரின் கசப்பு. பம்பு அந்தக் கசப்பை ஒருநாளும் கொடுத்ததில்லை. பிடியை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

துரை அடுப்பங்கரையில் சாய்ந்து கிடந்தான். வாயோரம் எச்சில், கண் திறந்தபடி, கால்கள் காற்றில் எதையோ விரட்டிக்கொண்டிருந்தன. மெஷின் முப்பத்தொன்று என்றது. ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்பார்கள், சுகர்க்காரனுக்கு அது முப்பதிலும் உண்டு, நானூற்றிலும் உண்டு. அவள் டப்பாவைத் திறந்தாள். அதைத் தானே கவிழ்த்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பூனையை மடியில் ஏந்திக்கொண்டு பம்படிக்கு வந்து நின்று கத்தினாள். "ஏ, யாரு வீட்டுலயாவது சீனி இருக்கா? கருப்பட்டி இருக்கா? என்னமாவது இனிப்பு குடுங்க!"

இருபத்துமூன்று வீட்டிலும் ஆள் இருந்தது. இருபத்துமூன்று வீட்டிலும் அரிசிப் பானைக்குள், சாமி படத்துக்குப் பின்னால், துணி மூட்டைக்கு அடியில் இனிப்பு இருந்தது. ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. நாலு மாதமாக எங்கள் வீட்டில் சீனியே வாங்குவதில்லை என்று சொன்ன வாயோடு, சீனியைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருவது எப்படி? முதலில் வருகிறவள்தானே மாட்டிக்கொள்வாள்? இன்னொருத்தி வரட்டும் என்று ஒவ்வொருத்தியும் கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர்கள் மூச்சு விடுவதுகூட அன்னப்பழத்துக்குக் கேட்பது போலிருந்தது. ஒரு கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் நடுவில், தரையைப் பார்த்தபடி, அவளும் இப்படித்தான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். மடியில் துரை இன்னொரு முறை இழுத்தான்.

"எம் புருசனுக்கு இனிப்பு குடுத்தது நாந்தான்," என்றாள். கத்தவில்லை. அந்த வெயிலில் கத்தத் தேவையும் இருக்கவில்லை. "மாரி இல்ல. நாந்தான். தெனமும் முந்தானையில முடிஞ்சு கொண்டுபோய்க் குடுத்தேன். டாக்டர் கேட்டப்ப வாயத் தொறக்கல. பழி மாரி மேல விழுந்தப்பவும் தொறக்கல. நீங்க ஏன் இப்பத் தொறக்க மாட்டேங்கியன்னு எனக்குத் தெரியும். நானும் இப்படித்தான் நின்னேன். துரைக்கு யாரு குடுத்தியன்னு நான் கேக்க மாட்டேன். எந்தக் காலத்துலயும் கேக்க மாட்டேன். தண்ணி கேட்டா இல்லன்னு சொல்லாத ஊருதான இது? தண்ணின்னு நெனச்சு ஒரு துண்டு தாங்க."

முதலில் திறந்தது சந்தனமாரியின் கதவு. துணியில் சுற்றிய அரைக் கருப்பட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் பூனை நக்கிய தடம் இருந்தது. அன்னப்பழத்தின் முகத்தை அவள் பார்க்கவில்லை. கரைக்க நல்ல தண்ணீர் ஏது? அன்னப்பழம் கருப்பட்டியைக் கடித்து, மென்று, எச்சிலோடு குழைத்து, விரலில் எடுத்துத் துரையின் ஈறில் தேய்த்தாள். மறுபடி மென்றாள், மறுபடி தேய்த்தாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒருத்தி அதிரசம் கொண்டுவந்தாள், ஒருத்தி பன், ஒருத்தி சீனிமிட்டாய். தலைவர் சுயம்பு வீட்டிலிருந்து பாதி தீர்ந்த ஜாம் பாட்டில் வந்தது. யாரும் யாரையும் பார்க்காமல் கொண்டுவந்து பம்படிச் சிமெண்டில் வைத்துவிட்டு நின்றார்கள். அவ்வளவு இனிப்பையும் ஒரே இடத்தில் பார்த்தபோதுதான், எத்தனை பேர் எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்பது ஊருக்கே தெரிந்தது. ஒரு கிழவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்துத் துரை தலையைத் தூக்கினான். சுயம்புவின் வண்டியில் மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அளத்தடியில் யாரும் துரைக்கு எதுவும் கொடுக்கவில்லை. மீனும் முட்டையும், காலையும் மாலையும் ஒவ்வொரு யூனிட்டும் என்று கணக்கு நூற்றைம்பதைச் சுற்றி நின்றது. பம்பில் உப்புத் தண்ணீர் வந்தது. லாரி கேட்டு மனு எழுதினார்கள். உங்கள் ஊரில் நல்ல தண்ணீர் இருப்பதாகப் பைல் சொல்கிறது என்று பதில் வந்தது. நாக்கு சொல்வதை எந்தப் பைலில் ஒட்டுவது? மறுபடி எழுதினார்கள், மறுபடி அதே பதில். மூன்று மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். சிலேட்டைக் கழற்றிவிட்டார்கள். ஆனால் விடியற்காலையில் முதலில் பம்படிக்கு வருகிறவள் ஒரு வாய் எடுத்துத் துப்பிவிட்டு, தெருவைப் பார்த்து, "உப்புதான்!" என்று குரல் கொடுக்கும் பழக்கம் மட்டும் எப்படியோ வந்துவிட்டது. துரை நன்றாக இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு, பெருமூச்சு விட்டு, ஊர் மூன்று மைல் நடக்கக் குடங்களை எடுத்துக்கொள்ளும்.

பேச்சிமுத்து மறுபடி படுத்தார். சுமந்த தண்ணீர் அவருக்குப் போதவில்லை. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை போய்ச் சேர்ந்தார். கடைசி வாய்த் தண்ணீருக்கு அன்னப்பழம் தன் வீட்டுக் குடத்தைக் கொண்டுபோனாள். சந்தனமாரி அதை வாங்கவில்லை. வேறொருத்தி வாங்கி ஊற்றினாள். அண்ணன் பழியை நான்கு வருஷம் சுமக்கவிட்டவள், புருஷனின் தண்ணீரையும் ஒரு பூனைக்காக உப்பாக்கிவிட்டாள் என்று மாரி நினைத்தால் அதில் பிழை என்ன? அன்னப்பழத்துக்கே இராத்திரிகளில் அந்தக் கேள்விதான். பேச்சிமுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு தன்னைப் பார்த்த பார்வை சாகும்வரை தன்னை விடாது என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான், மூன்று மாதம் அந்தச் சுவரைத் தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை.

மார்கழியில் அன்னப்பழத்துக்குக் காய்ச்சல் கண்டது. எழுந்திருக்க முடியாத காய்ச்சல், பகல் எது இரவு எது என்று தெரியாத காய்ச்சல். துரை கத்திய சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. எழுந்து ஊசி போட்டது போல இருந்தது, போடாதது போலவும் இருந்தது. அப்படி இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் விடியலில் யாரோ கதவை இடித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தாள்.

சந்தனமாரி நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் காலிக் குடம். சேலைக் கரையும் கணுக்காலும் நனைந்திருந்தன.

"தண்ணி இனிக்கு மைனி."

அன்னப்பழத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாரிக்குப் பின்னால் பார்த்தாள். இருட்டு முழுக்கப் பிரியாத தெருவில் ஊரே நின்றுகொண்டிருந்தது. சுயம்பு நின்றார், கைப்பிள்ளைக்காரிகள் நின்றார்கள், அன்றைக்குத் துண்டால் முகத்தை மூடிய கிழவர் நின்றார். யார் கையிலும் குடம் இல்லை.

"ஒரு கொடம் நெறஞ்சப்புறம்தான் வாயில வச்சேன்," என்றாள் மாரி. "கொட்டிட்டேன். பூனைக்கு ஊசி போடலையா நீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்ளே வந்து, அடுப்பங்கரையில் சுருண்டு கிடந்த துரையைத் தூக்கினாள். நானூற்று ஆறு. யாரோ மீன் கொண்டுவந்தார்கள், மாரி முள் எடுத்து ஊட்டினாள், கொஞ்சமாகத் தின்றான். பானைக்குள்ளிருந்து மருந்துக் குப்பியை எடுத்த அன்னப்பழத்தின் கை காய்ச்சலில் நடுங்கியது. ஒரு கையால் பூனையின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்ட சந்தனமாரி, இன்னொரு கையால் அன்னப்பழத்தின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பிடிச்சுக்கிடுதேன். போடுங்க."

போட்டாள். வெளியே பம்பிலிருந்து நல்ல தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எறும்புகள் மட்டும் குடித்தன. சாயங்காலம் இன்னொரு ஊசி, மறுநாள் காலையில் இன்னொன்று. மாரி அதுவரை தன் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் உச்சிவேளைக்கு யாரோ பம்பை அடித்துப் பார்த்துவிட்டு, "உப்புதான்!" என்று தெருவுக்குக் குரல் கொடுத்தார்கள்.

சந்தனமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க மைனி," என்றாள்.

குடத்தின் அடியில் மூன்று மைல் சுமந்த தண்ணீர் ஒரு செம்பு இருந்தது. அன்னப்பழம் மொண்டு கொடுத்தாள். மாரி அண்ணாந்து குடித்து, செம்பைக் கழுவாமல் கீழே வைத்துவிட்டு, பகையைத் தொடர எழுந்து போகாமல், பூனைக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.